இமயமலைப் பனிக்கு ஐஸ்பெட்டி எதற்கு?

கேள்வி: என் பேத்தி காரைக்குடியில் எம்.எஸ்சி. நிலவியல் படிக்கிறாள். மே மாதம் இமயமலைக்குப் போய்ப் பனி எடுத்துவந்து, ஐசோடோப் பார்த்து, பழங்காலத் தட்பவெப்பம் பற்றி ப்ராஜெக்ட் செய்யப் போகிறாளாம். பனி வழியில் உருகிவிட்டால் எல்லாம் வீண், குளிர்பெட்டியில் கொண்டுவந்து ரிப்போர்ட்டும் வாங்கித்தர 45,000 ரூபாய் என்கிறார் ஒரு ஏஜென்ட். 5,000 அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மீதியைக் கட்டலாமா? – ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: கட்டாதீர்கள் ஆச்சி. உருகினால் ஒன்றும் கெடாது. ஆய்வுக்கூடத்திலும் உருக்கித்தான் அளக்கிறார்கள். கெடுப்பது ஆவியாதல்.

முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடித்த அண்டாவைச் சித்திரை வெயிலில் நாலு நாள் திறந்து போட்டால் தண்ணீர் குறையும் இல்லையா? தண்ணீரிலுள்ள ஆக்சிஜனில் சுமார் 500 அணுக்களுக்கு ஒன்று கொஞ்சம் கனமானது, ஆக்சிஜன்-18 என்று பெயர். பேத்தி பார்க்கப்போகும் ஐசோடோப் இதுதான். லேசானது முந்திக்கொண்டு ஆவியாகும், கனமானது அண்டாவில் தங்கும். மேகத்தில் கதை தலைகீழ். கனமானது முதலில் இறங்கிவிடும், மேலே குளிருக்குள் போகப் போக மிச்ச ஈரத்தில் அது குறைந்துகொண்டே வரும். அதனால் கடுங்குளிரில் விழுந்த பனியில் ஆக்சிஜன்-18 குறைவு. மூடி சரியில்லாத பாட்டிலில் தண்ணீர் ஆவியானால், குளிர்காலப் பனிகூட வெப்பக்காலத்தில் விழுந்தது போலக் கணக்குக் காட்டும். டென்மார்க் விஞ்ஞானி வில்லி டான்ஸ்கார்ட் 1952-ல் வீட்டுப் புல்வெளியில் பீர் பாட்டிலில் புனல் செருகி மழை பிடித்துத்தான் இந்த வேலையைத் தொடங்கினார். ஐஸ்பெட்டி எல்லாம் அவரிடம் கிடையாது.

பேத்தி செய்ய வேண்டியது இதுதான். பனியைப் புது ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, அறைச்சூட்டில் முழுக்க உருகவிட வேண்டும். பாதி உருகியதும் ஊற்றினால் அளவு தப்பும். குலுக்கி, 30 மில்லி பாட்டிலில் கழுத்துவரை காற்றில்லாமல் நிரப்பி, மூடியை இறுக்கி, டேப் சுற்றினால் போதும், ரயிலில் சாதாரணப் பையிலேயே வந்துவிடும்.

எனக்குக் கவலை மே மாதம்தான். உருகினால் கெடாது என்றேன், அது பைக்குள் போன பிறகு. மலையிலேயே உருகினால் கெடும். பனி அடுக்கடுக்காக விழுந்து கிடக்கிறது, ஒவ்வோர் அடுக்கும் ஒரு பனிப்பொழிவு. வெயில் ஏறியதும் மேலடுக்கு உருகி, தண்ணீர் கீழே கசிந்து, கீழடுக்கில் மறுபடி உறைந்துகொள்ளும். டிசம்பர் பனியும் மார்ச் பனியும் கலந்துபோகும். மேலே காய்ந்தாற்போல் தெரிந்தாலும் நம்பக்கூடாது. குழி தோண்டி, பக்கச்சுவரில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்தால் உருண்டையாக ஒட்டும் ஈரப்பனி வேண்டாம். பிப்ரவரியில் போனால் இந்தத் தொல்லை குறைவு.

அப்புறம் அந்தத் தலைப்பு. வருஷாவருஷம் உருகிப்போகும் பனி போன குளிர்காலத்தை மட்டும்தான் சொல்லும். பழங்காலம் வேண்டுமென்றால் உருகாத பனியாற்றில் துளையிட வேண்டும். அமெரிக்கப் பனியாற்று ஆய்வாளர் லோனி தாம்சன் குழு 1997-ல் திபெத்தின் தாசுவோபு பனியாற்றில் 7,200 மீட்டர் உயரத்தில் போய்த் துளையிட்டது. காரைக்குடிப் பிள்ளைக்கு அது எதற்கு? ஆனால் நம் கல்லூரிகளில் தலைப்பு பெரிதாக இருந்தால்தான் கையெழுத்து விழுகிறது.

ஆய்வுக்கூடத்துக்கும் ஏஜென்ட் வேண்டாம். ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனத்திலும் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்திலும் இந்த அளவீடு நடக்கிறது. துறைத்தலைவர் கடிதத்தோடு கேட்கலாம். அந்தக் கடிதம் மேசையை விட்டு நகர்வதுதான் பெரிய பாடு. என்னுடைய ஒன்று நாலு மாதம் கிடந்தது, ஒரு முத்திரைக்காக! இந்த இடுக்கில்தான் ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள். பழைய அட்டவணையில் பெயரை மாற்றித் தருகிறவர்களும் உண்டு.

யார் அளந்தாலும் ஒரே தண்ணீரை இரண்டு பாட்டிலில் ஊற்றி, வெவ்வேறு எண் எழுதி, நடுவில் சொருகிவிடச் சொல்லுங்கள். ஆக்சிஜன் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். கடல்நீரோடு ஒப்பிட்டு ஆக்சிஜன்-18 கூடவா குறைவா என்றுதான் எண் போடுவார்கள். இமயமலைக் குளிர்காலப் பனிக்கு அந்த எண்கள் மைனஸில்தான் வரும், பிளஸ்ஸில் வந்தால் பணம் தராதீர்கள்.

கொடுத்த 5,000-க்கு ரசீது வாங்கினீர்களா?