விடுப்பா, ராஜினாமாவா? கேள்வி பதில்

பணியாளர் பிரிவில் பல காலம் விடுப்புக் கடிதங்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். இம்முறை வந்தவற்றில் சில:

ஐயா, மூன்று மாதம் ஊர் சுற்ற ஆசை. விடுப்பு என்றாலே மேலாளர் முகம் சுளிக்கிறார். ராஜினாமா செய்துவிடட்டுமா? (பெருங்குடி)

அவசரம் வேண்டாம், தம்பி. மேலாளர் முகத்தைப் பார்க்காமல் நிறுவனத்தின் விடுப்பு விதிகளைப் பாருங்கள். சம்பளமில்லா விடுப்புக்குப் பல இடங்களில் வழி உண்டு. அது அந்த மேலாளருக்கே தெரியாமல் இருக்கலாம். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) பொதுவாக ஐந்தாண்டு தொடர் பணி வேண்டும். அனுமதி பெற்ற விடுப்பு அந்தத் தொடர்ச்சியை அறுக்காது, ராஜினாமா அறுத்துவிடும். நான்கு வருடம் முடிந்த கையோடு கடிதம் நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

திரும்பச் சேரும் தேதி, பதவி, சம்பளம் மூன்றையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். தேநீர்க் கடையில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னதெல்லாம் செல்லாது.

வருங்கால வைப்பு நிதி, காப்பீடு என்னவாகும்? (பெரம்பூர்)

சம்பளம் இல்லாத மாதங்களில் நிதிக்குப் பணம் போகாது. இருக்கும் தொகைக்கு வட்டி ஏறும். காப்பீட்டில்தான் பலர் இடறுகிறார்கள். வேலையை விட்டால் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு நின்றுவிடும். தனியாகப் பாலிசி எடுத்தால், விபத்து நீங்கலாக, முதல் 30 நாள் பொதுவாக எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரைகூடக் காத்திருக்க நேரலாம். கிளம்பும் வாரத்தில் வாங்கிப் பயனில்லை.

கடல் ஆமைகளுக்காகத் தொண்டு செய்ய ஒரு மாதம் விடுப்பு எடுக்கலாமா? (மடிப்பாக்கம்)

தாராளமாக எடுக்கலாம், அம்மா. ஆனால் எந்த மாதம் என்பதுதான் முக்கியம். பங்குனி ஆமைகள் நம் சென்னைக் கரைக்குப் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை வருகின்றன. மாணவர்கள் 1988இல் தொடங்கிய பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடக்கிறார்கள். ஆமையின் தடம் முடியும் இடத்தில் குச்சியை மெல்ல இறக்குவார்கள். இறுகிய மணலில் தடைபடும் குச்சி, முட்டைக்குழிக்கு மேல் சட்டென்று உள்ளே போகும். பிறகு கையால் தோண்டி, மேசைப்பந்து அளவில் இருக்கும் நூறு முட்டைகளுக்கு மேல் எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். பொரிக்க ஏறக்குறைய 45 நாள் ஆகும்.

ஜனவரியில் மட்டும் போனால் குஞ்சுகளைப் பார்ப்பது அரிது. மார்ச்சில் முட்டையிட வரும் ஆமை, குஞ்சு இரண்டையும் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு வார இறுதியில் நடந்து பாருங்கள். விடிய விடிய மணலில் நடப்பது எல்லோருக்கும் ஒத்துவராது.

பழைய தமிழ் இதழ்களைப் படித்து ஆராய ஆசை. கல்லூரியில் சேர வேண்டுமா? (அம்பத்தூர்)

வேண்டாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா. இரண்டு வாரம் போதும். தலைப்பை முடிவு செய்துகொண்டு போங்கள். இல்லையேல் நூற்பட்டியலைப் புரட்டியே விடுப்பு தீர்ந்துவிடும்.

வடகிழக்குக்கு ரயிலில் போக எப்போது திட்டமிடுவது? (தாம்பரம்)

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்குள் விடுப்பு உறுதியாகியிருக்க வேண்டும். ஆகவே மூன்று மாதம் முன்பே கேளுங்கள். குவாஹாட்டி போகவே ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் செல்ல உள்நுழைவு அனுமதிச் சீட்டும் வேண்டும்.