மருந்து கேட்காத குஞ்சுகள்

கேள்வி: திருச்செங்கோடு பக்கம் 600 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். புதிதாக வாங்கிய குஞ்சுகள் முதல் வாரத்திலேயே வெள்ளையாகக் கழிந்து சாகின்றன. போன பேட்ச்சுக்குக் கொடுத்த என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாடிக் இந்த முறை வேலை செய்யவில்லை. இன்னும் பவரான மருந்து இருக்கிறது என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். எந்த நோய் என்றே இன்னும் தெரியவில்லை.

எச்சம் வெள்ளையாக இருந்தால் நம் ஊரில் உடனே ‘வெள்ளைக்கழிச்சல்’ என்று சொல்லிவிடுவோம். அந்தப் பெயர் ராணிக்கெட் நோய்க்கு உரியது. அது வைரஸ், எந்த ஆண்டிபயாடிக்கும் அதைத் தொடாது. முதல் வாரத்திலேயே ஆசனவாயில் எச்சம் ஒட்டி, குஞ்சுகள் விளக்கடியில் ஒடுங்கிக் கிடந்து செத்தால் எனக்குச் சந்தேகம் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா மேல்தான். பார்த்தே சொல்லிவிட முடியாது.

சால்மோனெல்லா என்றே வையுங்கள். போன முறை மருந்து கொடுத்தபோது பலவீனமான கிருமிகள் செத்திருக்கும். தாங்கியவை தரையிலும் தண்ணீர்க் குழாயிலும் பிழைத்து, இந்தப் பேட்ச்சைப் பிடித்திருக்கலாம். அல்லது தாங்கும் கிருமி குஞ்சோடேயே வந்திருக்கலாம். பவரை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மனிதருக்கும் மருந்து மிஞ்சாது. இந்தப் பயத்தால்தான் 2019 ஜூலையில் கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கைக் கோழிக்கும் தீவனத்துக்கும் மத்திய அரசு தடை செய்தது. சரி, ஆணை போட்டாயிற்று. கடைக் கடையாகப் போய்ப் பார்ப்பது யார்? லேபிளைப் படிக்காமல் எந்த டப்பாவையும் வாங்காதீர்கள். லேபிள் இல்லாமல் பிரித்துக் கட்டிய பவுடரைத் தொடவே தொடாதீர்கள். கமிஷனுக்கு விற்பவர் மருத்துவர் அல்ல.

செய்ய வேண்டியது இதுதான். அன்றைக்குச் செத்த இரண்டு குஞ்சு, சாகும் நிலையில் உள்ள இரண்டு குஞ்சு. செத்ததை ஐஸில் வைத்து, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றே கொண்டுபோங்கள். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்துச் சொல்வார்கள். மூன்று நான்கு நாள் ஆகும். பண்ணையை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க அலைய வேண்டியிருக்கிறது என்று பலர் என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஊருக்கு ஊர் கோழிப்பண்ணை இருக்கும் மாவட்டத்தில் பரிசோதனையை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்திருக்க வேண்டும்.

நாலு நாளில் எல்லாம் செத்துவிடுமே என்பீர்கள். இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு, கவனமாகக் கேளுங்கள். மளமளவென்று சாகும்போது முடிவு வரும் முன்பே மருத்துவர் மருந்தைத் தொடங்கலாம். ஆனால் மாதிரி எடுத்த பிறகுதான். மருந்து குடித்த குஞ்சைக் கொண்டுபோனால் கிருமி வளராமல் போகலாம், பரிசோதனை வீணாகிவிடும். முடிவு வந்ததும் மருந்தை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள், குஞ்சு தெளிந்துவிட்டது என்று இரண்டாம் நாளே நிறுத்தாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன்: முதலில் மாதிரி, பிறகு மருந்து.

அப்புறம், குஞ்சு எங்கே வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. தரகரிடம் என்றால் அங்கேதான் ஆரம்பம். சால்மோனெல்லா தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே இறங்கும். பல பொரிப்பகக் குஞ்சுகளை ஒரே பெட்டியில் கலந்து தருகிறவரிடம் தாய்க்கோழியைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. நேராகப் பொரிப்பகத்துக்குப் போய், தாய்க்கோழிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். ஒரு சொட்டு ரத்தத்தைச் சாயம் கலந்த பரிசோதனைத் திரவத்தோடு தட்டில் கலக்கினால், திரிகிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். திரிந்தால் அந்தக் கோழிக்குக் கிருமி தொற்றியிருக்கலாம் என்று அர்த்தம். அதைக்கூடச் செய்யாதவரிடம் வாங்காதீர்கள்.

மருந்து கொடுத்த கோழியை விற்பதற்கு லேபிளில் போட்டிருக்கும் நாள் வரை காத்திருங்கள். நாள் குறிப்பிடாவிட்டால் முட்டைக்கு 7 நாள், கறிக்கு 28 நாள். வீட்டில் பிள்ளைகளுக்கு ஆஃப்பாயில் வேண்டாம், முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். நோயிலிருந்து பிழைத்த பெட்டை பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் அதன் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள்.