சிச்சிக்காஸ்தெனாங்கோ சந்தை: கேள்வி பதில்

கேள்வி: குவாத்தமாலாவின் சிச்சிக்காஸ்தெனாங்கோ சந்தைக்கு எந்த நாளில் செல்வது நல்லது?

பதில்: சந்தை வியாழனும் ஞாயிறும் கூடுகிறது. சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் வாழும் கிச்சே மாயர்கள் என்னும் பழங்குடி மக்கள் வழிபாட்டுக்கும் சேர்த்து வருவதால் ஞாயிற்றுக்கிழமையே என் தேர்வு. முந்தைய நாள் மாலையே வந்து தங்கிவிட்டால், சுற்றுலா வண்டிகள் வந்து சேர்வதற்கு முன்பே, உள்ளூர் மக்கள் தங்களுக்குள் காய்கறியும் மக்காச்சோளமும் வாங்கி விற்பதைக் காணலாம். ஊர் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலையில் குளிரும்.

கேள்வி: தேவாலயப் படிகளில் புகை போடுகிறார்களே, அங்கே படம் எடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். சாந்தோ தோமாஸ் தேவாலயம் 16ஆம் நூற்றாண்டில், மாயர்களின் பழைய கோவில் மேடைமீது எழுப்பப்பட்டது. அதன் 18 படிகள், இருபது நாள்கள் கொண்ட 18 மாதங்களாகப் பகுக்கப்பட்ட மாயர்களின் ஆண்டைக் குறிப்பதாகச் சொல்கிறார்கள். படிகளில் கோபால் என்னும் மரப்பிசினைப் புகைத்து வேண்டுவோரும், உள்ளே தரையில் மெழுகுவத்தி ஏற்றிப் பூவிதழ் தூவி மூதாதையரிடம் பேசுவோரும் வேடிக்கைக்காக எதையும் செய்யவில்லை. அவர்களுக்கு அது உண்மையான வழிபாடு. உள்ளே படம் எடுக்கத் தடை உண்டு. முன்வாயிலை அவர்களுக்கே விட்டுவிட்டுப் பக்கவாயில் வழியாகச் செல்லுங்கள். மாயர்களின் படைப்புக் கதையான பொப்போல் வூவை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்ற பாதிரியார் படியெடுத்ததும் இவ்வூரில்தான்.

கேள்வி: துணிகளுக்கு எவ்வளவு பேரம் பேசலாம்?

பதில்: பேரம் அங்கே வழக்கம்தான்; ஆனால் எதற்குப் பேசுகிறோம் என்பதை அறிந்து பேச வேண்டும். வீப்பில் எனப்படும் பெண்களின் மேற்சட்டைக்கான துணியை, தறியின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறுமுனையைத் தம் இடுப்பில் வார்கொண்டு இழுத்துப் பிடித்தபடி நெய்கிறார்கள். வேலைப்பாடு மிகுந்த ஒன்றை முடிக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதைப் பாதி விலைக்குக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இயந்திரத்தில் நெய்தவையும் அருகிலேயே விற்பதால், துணியைப் புரட்டி இழைகளைப் பாருங்கள், நெய்தவர் யார் என்று கேளுங்கள். விலையில் உடன்பாடு ஏற்பட்டபின் வாங்காமல் நகர்வது விற்பவரை அவமதிப்பதாகும்.

கேள்வி: டாலர் போதுமா?

பதில்: குவாத்தமாலாவின் பணமான கெட்சால் நோட்டுகளாக, அதுவும் சில்லறையாக வைத்திருங்கள்.

கேள்வி: சந்தை தவிர வேறென்ன பார்க்கலாம்?

பதில்: ஊருக்குத் தெற்கே ஒரு குன்றின்மேல் பஸ்குவால் அபாஹ் என்னும் பழங்காலக் கல்லுருவம் இருக்கிறது, இன்றும் அங்கே பூசை நடக்கிறது. தனியாகச் செல்லாமல் உள்ளூர் வழிகாட்டியுடன் ஏறுங்கள். சடங்கு நடந்துகொண்டிருந்தால் அருகில் போகலாமா என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.