எட்டாவது ஆளை முன்னால் நிறுத்தியும் ஓட்டம் நிற்கவில்லையே, ஏன்?

கேள்வி: ஓஹியோவில் ஒரு சிறிய கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆட்ட வீடியோக்களை வெட்டித் தொகுத்துக் கொடுக்கும் மாணவ உதவியாளன். ஓட்டத்துக்குப் பெயர்போன ஓர் அணியிடம் சென்ற ஆண்டு 300 யார்டுக்கு மேல் விட்டுக்கொடுத்தோம். பாக்ஸில், அதாவது எதிரணியின் முன்வரிசைக்கு எதிரே நெருக்கமாக, எட்டுப் பேரை நிறுத்தியும் பலனில்லை. பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் அவர்களுடைய குவார்ட்டர்பேக்கும் ஓடுகிறார். முன்வரிசைத் தடுப்பாளர்களான கார்டும் டேக்கிளும் சேர்ந்து குறுக்கே ஓடி வழிவிடும் 'கவுண்டர்' ஆட்டத்தில்தான் அதிகம் அடி வாங்கினோம். இந்த முறை மூன்று வாரம் இருக்கிறது. இணையத்தில் ஒருவர் 300 டாலருக்கு 'ரன் ஸ்டாப்பர் பேக்கேஜ்' விற்கிறார். வாங்கலாமா? பயிற்சியாளரிடம் என்ன சொல்லலாம்?

பதில்: முதலில் அந்த 300 டாலரைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இப்படி விற்கப்படும் பேக்கேஜ்களில் பெரும்பாலானவை என்எஃப்எல் எனும் தொழில்முறை லீக் அணிகளின் வரைபடங்களைப் பிரதி எடுத்து, வண்ணம் பூசி, பெயர் மாற்றியவை. கல்லூரி ஆட்டத்துக்கு அவை அப்படியே பொருந்தாது. மைதானத்தின் நடுவே இரண்டு வரிசையாகச் சிறு கோடுகள் இருக்கின்றனவே, அந்த ஹாஷ் கோடுகளுக்கு இடையே என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். கல்லூரியில் 40 அடி. பந்து ஒரு ஹாஷில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 20 யார்டு இடம், மறு பக்கம் 33 யார்டுக்கு மேல். என்எஃப்எல் படத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நிற்கும் தற்காப்பைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினால், அகலமான பக்கத்தில் ஒரு ஆள் குறைவார், குறுகிய பக்கத்தில் ஒருவர் சும்மா நிற்பார். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். வரைபடம் வாங்கியவன் தோற்றால், 'உங்கள் பையன்களால் முடியவில்லை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

இனி உங்கள் எட்டாவது ஆளுக்கு வருவோம். ஓட்டத்தைத் தடுப்பது முதலில் கணக்கு, அப்புறம்தான் பலம். எதிரணியின் லைனில், அதாவது முன்வரிசையில், ஐந்து பேர் (நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் ஒரு கார்டு, அதற்கு வெளியே ஒரு டேக்கிள்) நின்றால் ஆறு இடைவெளிகள்: சென்டருக்கு இரு பக்கமும் ஏ, கார்டுக்கு வெளியே பி, டேக்கிளுக்கு வெளியே சி. லைனின் ஓரத்தில் ஒரு டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) வந்து ஒட்டிக்கொண்டால் ஏழு. குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பவராக இருந்தால் ஏழுக்கு ஏழு பேர் போதும். அவரே ஓடினால், வழக்கமாகப் பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்கும் தடுப்பாளராகிவிடுவார், கணக்கு எட்டாகும். ஆக, நீங்கள் நிறுத்திய எட்டாவது ஆள் கூடுதல் ஆள் அல்ல. இருக்க வேண்டியவர்தான். அவரை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. மீதி மூவர் பாஸ் பிடிக்க ஓடும் மூன்று ரிசீவர்களைப் பிடித்துக்கொண்டிருக்க, பின்னால் காவலுக்கு யாருமே இல்லை. முன்னால் ஒருவர் தன் இடைவெளியைத் தவறவிட்டால் அடுத்து நிற்பது கோல் கோடு.

உங்கள் மாநிலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2021-இல் மிச்சிகன் 297 யார்டு ஓடி ஓஹியோ ஸ்டேட்டை 42-27 என்று வீழ்த்தியது. தோற்றவர்கள் தற்காப்புக்குப் புதிய ஒருங்கிணைப்பாளரை அமர்த்தினார்கள். 2022-இல் முதல் பாதி முழுக்க மிச்சிகனின் ஓட்டம் கிட்டத்தட்ட முடங்கிக் கிடந்தது. நான்காம் கால்பகுதியில் டோனவன் எட்வர்ட்ஸ் ஒரு முறை 75 யார்டு, ஒரு முறை 85 யார்டு ஓடினார். முடிவு 45-23. அன்று அவர் ஓடிய 216 யார்டில் 160 அந்த இரண்டே ஓட்டங்களில் வந்தவை. எல்லாரையும் முன்னால் குவித்து வைக்கும் தற்காப்பு ஐம்பது முறை ஜெயித்து இரண்டு முறை தோற்றாலும் ஆட்டம் போய்விடும்.

உங்களை அடித்தது கவுண்டர் என்கிறீர்கள். அதை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

எதிரணி வலப்பக்கம் ஓடப்போகிறது என்று வையுங்கள். இடப்பக்கக் கார்டும் டேக்கிளும் தங்கள் இடத்தை விட்டு வலப்பக்கமாக ஓடி வருவார்கள். முதலில் வரும் கார்டு, அந்த ஓரத்தில் நிற்கும் உங்கள் டிஃபென்சிவ் எண்டை வெளியே தள்ளுவார். பின்னால் வரும் டேக்கிள் அந்த வாசல் வழியாக நுழைந்து உங்கள் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தேடுவார். எண்டுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, தன் வெளிப்பக்கத் தோளால் கார்டின் உள்பாதியில் மோதி வாசலை அடைப்பது. பந்து வெளியே சிதறும். லைன்பேக்கர் அவரைத் தாண்டி வெளியே ஓட வேண்டும். மற்றொன்று, உள்பக்கத் தோளால் மோதி, வெளிக்கையை விடுதலையாக வைத்துக்கொள்வது. பந்து உள்ளேயே இருக்கும். லைன்பேக்கர் எண்டுக்கு உள்ளே நுழைந்து அடைக்க வேண்டும்.

இரண்டுமே சரியான வழிகள். எண்ட் முதல் வழியிலும் லைன்பேக்கர் இரண்டாம் வழியிலும் ஆடுவதுதான் வினை. இருவரும் உள்ளே, வெளியே ஈ காக்கை இல்லை. உங்கள் வீடியோவில் 15 யார்டுக்கு மேல் போன ஒவ்வொரு கவுண்டரையும் நிறுத்தி, எண்ட் எந்தத் தோளால் மோதினார், லைன்பேக்கர் எந்தப் பக்கம் நுழைந்தார் என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலானவற்றில் விடை அங்கேயே இருக்கும். இல்லையென்றால் எண்டின் கால்களைப் பாருங்கள். ஸ்னாப் ஆனதும் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கியதும்) இரண்டு மூன்று யார்டு முன்னால் பாய்ந்துவிடும் எண்டை வெளியே தள்ளுவது கார்டுக்குச் சுலபம், வாசலும் அகலம். ஒரு யார்டுக்கு மேல் போகக் கூடாது. எதிரே நின்ற டேக்கிள் உள்ளே போனால் அவருடைய இடுப்போடு ஒட்டி இவரும் உள்ளே நெருக்க வேண்டும்.

லைன்பேக்கர் பார்க்க வேண்டியது ரன்னிங் பேக்கை அல்ல. கவுண்டரில் அவர் முதல் அடியை எதிர்ப்பக்கம் வைப்பதே உங்கள் ஆளை ஏமாற்றத்தான். கார்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டு குறுக்கே ஓடினால் பெரும்பாலும் பந்தும் அந்தப் பக்கம் வரும்.

குவார்ட்டர்பேக்கும் ஓடுவதால் மறுபக்க எண்டை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். அவர் ரன்னிங் பேக்கைத் துரத்தினால் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு அந்தக் காலி இடத்தில் ஓடுவார். அந்த எண்ட் துரத்தவும் வேண்டாம், பாயவும் வேண்டாம். தோள்கள் கோட்டுக்கு நேராக, கால்கள் பின்னாமல், பக்கவாட்டில் நகர்ந்து நிற்கட்டும். குவார்ட்டர்பேக் முடிவெடுக்க அரை நொடி தாமதித்தாலே உள்ளே இருப்பவர்கள் வந்துவிடுவார்கள். ஆட்டத்துக்கு நான்கைந்து முறை மாற்றிச் செய்யலாம்: எண்ட் உள்ளே பாய, லைன்பேக்கர் வெளியே சுற்றி வந்து குவார்ட்டர்பேக்கை எடுத்துக்கொள்வது. எப்போதும் செய்தால் அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

தற்காப்பு வரிசையின் நடு ஆளான நோஸ் டேக்கிளை சென்டருக்கு நேரே வைத்து, இரண்டு எண்டுகளையும் எதிரணி டேக்கிள்களின் உள்தோளில் நிறுத்தும் 'டைட் ஃபிரண்ட்' பற்றி யாராவது சொல்வார்கள். நல்ல ஏற்பாடுதான். இரண்டு பி இடைவெளிகளும் அடைபடுவதால் பாக்ஸில் ஆறு பேரை வைத்தே சமாளிக்கலாம். அயோவா ஸ்டேட் 2017-இல் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் ஜான் ஹீகாக் தலைமையில் மூன்று லைன்மேன், மூன்று சேஃப்டி (பின்னால் நிற்கும் காவலர்) என்று ஆடத் தொடங்கி, ஓக்லஹோமாவை அதன் மைதானத்திலேயே 38-31 என்று தோற்கடித்தது. ஆனால் அதற்கு 300 பவுண்டு எடையில் அசையாமல் நிற்கும் ஒரு நோஸ் டேக்கிள் வேண்டும். சிறிய கல்லூரியில் அப்படி ஒருவர் தேறினால் அடுத்த ஆண்டு வீரர்கள் கல்லூரி மாறப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகப் பெரிய கல்லூரிக்குப் போய்விடுகிறார். 2024 முதல் எத்தனை முறை மாறினாலும் ஆட விடாமல் ஓராண்டு உட்கார வைப்பதில்லை என்றாகிவிட்டது. வளர்த்தவன் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இடையில் 'உன் வீடியோவைப் பெரிய அணிகளிடம் சேர்ப்பிக்கிறேன்' என்று பையன்களிடம் காசு பிடுங்கும் கூட்டம் வேறு. தயவுசெய்து உங்கள் அணியில் யாரும் அவர்களுக்குப் பணம் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்ட வீடியோவை அனுப்ப மின்னஞ்சல் போதும்.

ஓடுவதுபோலக் காட்டிக் குட்டிப் பாஸ் எறியும் ஆட்டத்திலும் லைன்பேக்கர் தடுமாறுவார். பாஸ் எறியும்போது, என்எஃப்எல்லில் அந்த அணியின் லைன்மேன்கள் ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஒரு யார்டு தாண்டினால் தவறு. கல்லூரியில் மூன்று யார்டு வரை போகலாம். அந்த மூன்றும் நான்காகும்போது நடுவர்கள் தவறைக் காட்டும் கொடியை எடுப்பது அபூர்வம். தன்னை நோக்கி லைன்மேன் வருவதைப் பார்த்தால் லைன்பேக்கர் ஓட்டம் என்றுதான் நினைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளே வெட்டும் பாஸை சேஃப்டிக்குக் கொடுத்துவிட்டு, லைன்பேக்கருக்கு ஓட்டம் மட்டுமே வேலை என்று சொல்லுங்கள்.

மேலே சொன்ன இடைவெளிக் கணக்கு ஒரே ஓர் இடத்தில் செல்லாது: ராணுவ அகாடமிகள் ஆடும் டிரிபிள் ஆப்ஷன். உங்கள் எதிரணி அதை ஆடுவதாகத் தெரியவில்லை, இருந்தாலும் ஒரு மாற்றாக வைத்திருக்கலாம் என்பதால் சொல்கிறேன். அதில் ஒரே ஆட்டத்தில் மூன்று பேர் ஓடக்கூடும்: நடுவில் பாயும் ஃபுல்பேக், குவார்ட்டர்பேக், வெளியே பிட்ச் (பக்கவாட்டில் வீசப்படும் பந்து) வாங்கக் காத்திருப்பவர். அங்கே இடைவெளியை அல்ல, ஆளைப் பிரித்துக்கொடுக்க வேண்டும். ஃபுல்பேக்குக்கு ஒருவர், பந்து அவரிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரைத் தரையில் சாய்க்க வேண்டும். குவார்ட்டர்பேக்குக்கு ஒருவர். பிட்ச் வாங்குபவருக்கு ஒருவர், அவர் பந்தைப் பார்த்து உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது. மூவரில் ஒருவர் புத்திசாலித்தனம் காட்டினால் போதும், போச்சு. 2013-இல் ஜார்ஜியா சதர்ன் ஒரு பாஸைக்கூட முடிக்காமல், 429 யார்டு ஓடியே ஃபுளோரிடாவை 26-20 என்று வென்றது. 2018-இல் ஆர்மி 60 நிமிட ஆட்டத்தில் சுமார் 45 நிமிடம் பந்தைத் தன்னிடமே வைத்திருந்து, ஓக்லஹோமாவைக் கூடுதல் நேரம் வரை இழுத்தது. ஏறத்தாழ இரண்டு டேக்கிள்களுக்கும் இடைப்பட்ட பகுதியான டேக்கிள் பாக்ஸுக்கு வெளியே இடுப்புக்குக் கீழே தடுப்பதை 2022-இல் தடை செய்தபின் ஓரத்தில் நிற்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. உள்ளே இன்னும் முழங்காலைக் குறிவைப்பார்கள். கையை முன்னால் நீட்டி, தடுப்பவரின் தோளைக் கீழே அழுத்தும் பயிற்சி லைன்மேன்களுக்குத் தினமும் வேண்டும். ஒரு வாரத்தில் இது வராது.

உங்கள் கையில் இருக்கும் வேலைக்கு வருகிறேன். புள்ளிவிவரத் தாளை நம்ப வேண்டாம். கல்லூரிக் கணக்கில் குவார்ட்டர்பேக் பாஸ் எறியும் முன் பின்னாலேயே பிடிபட்டால், அதாவது சாக் ஆனால், அந்த இழப்பு ஓட்டத்தில் கழிகிறது. 30 யார்டு சாக் வாங்கிய அணியின் ஓட்டம் தாளில் 30 யார்டு மெலிந்து தெரியும். என்எஃப்எல் இதைப் பாஸில் கழிக்கிறது. கல்லூரிகள் ஏன் இன்னும் பழைய முறையைக் கட்டிக்கொண்டு அழுகின்றன என்பதற்கு யாரும் காரணம் சொல்வதில்லை. சாக்குகளை நீக்கிவிட்டு, அவர்களுடைய கடைசி மூன்று ஆட்டங்களின் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள்: பந்து எந்த ஹாஷில், எந்த டவுன் (எத்தனையாவது முயற்சி), டைட் எண்ட் எந்தப் பக்கம், எந்தக் கார்டு குறுக்கே ஓடினார், எத்தனை யார்டு. கடைசியாக ஒரு கட்டம்: முதல் தொடுதல் எத்தனையாவது யார்டில்? உங்கள் அணி சென்ற ஆண்டு அவர்களிடம் ஆடிய ஆட்டத்துக்கும் இதையே போடுங்கள். இரண்டு யார்டுக்குள் தொட்டும் ஆறு போயிருந்தால் அது பிடிக்கத் தெரியாத கோளாறு. ஐந்து யார்டு வரை யாருமே தொடவில்லை என்றால் நிற்க வேண்டிய இடத்தில் ஆள் நிற்கவில்லை. முன்னதற்கு ஆளைப் பிடித்துச் சாய்க்கும் பயிற்சி, பின்னதற்கு நடந்து பார்க்கும் பயிற்சி. இரண்டையும் குழப்பிக்கொண்டு பையன்களை மோதவிட்டால் காயம்தான் மிச்சம்.

நடந்து பார்ப்பது என்றால் நிஜமாகவே நடப்பதுதான். லைனின் ஒரு பாதி மட்டும், குறுக்கே வரும் கார்டும் டேக்கிளும் நடை வேகத்தில். தினம் பத்து நிமிடம், எண்டும் லைன்பேக்கரும் சேஃப்டியும் ஒன்றாக. ஸ்னாப்புக்கு முன்னால் எண்ட் 'உள்ளே' அல்லது 'வெளியே' என்று உரக்கச் சொல்ல வேண்டும், மற்ற இருவரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரே வழியை மட்டும் பழக்குங்கள். இரண்டாவது வழியை இரண்டாம் வாரம் வியாழக்கிழமைக்கு முன் தொட வேண்டாம். ஆட்ட நாளில் கவுண்டர் பத்து யார்டு போய்விட்டால் எட்டாவது ஆளை அனுப்பும் முன், அந்த எண்டைக் கூப்பிட்டு என்ன கத்தினார் என்று கேட்கச் சொல்லுங்கள்.