மருந்துக்கு முன்னால் அந்த நோட்டாரியோவைக் கவனியுங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் வசிக்கிறோம். எங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா மெக்ஸிகோவின் வஹாகா மாநிலத்தவர். 14 ஆண்டுகளாக இங்கே இருக்கிறார். சில மாதங்களாகப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. ‘நெர்வியோஸ்’ என்கிறார். மருத்துவரிடம் போகப் பயப்படுகிறார். குடியேற்றப் பேப்பர் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு நோட்டாரியோவிடம் (ஸ்பானியத்தில் நோட்டரி) 4,000 டாலர் கொடுத்திருக்கிறார். இத்தனை ஆண்டுகள் இல்லாதது இப்போது ஏன்?

பதில்: நெர்வியோஸ் கற்பனை நோய் அல்ல. கவலையும் துக்கமும் உடல் வலியும் சேர்ந்து அழுத்தும்போது மெக்ஸிகோக்காரர்கள் சொல்லும் சொல் அது. காலம் போனால் பழகிவிடும் என்பதும் தவறு. உங்கள் ஃப்ரெஸ்னோவிலேயே மெக்ஸிகோ வம்சாவளியினர் சுமார் 3,000 பேரிடம் நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. புதிதாக வந்தவர்களைவிட 13 ஆண்டுகளுக்கு மேல் தங்கியவர்களிடம் மனநலக் கோளாறுகள் அதிகம். இங்கேயே பிறந்தவர்களிடம் இன்னும் அதிகம்.

வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார மையத்தில் முதலில் இரத்த அழுத்தமும் தைராய்டும் பார்க்கட்டும். நோயாளியைக் காட்டிக்கொடுப்பது மருத்துவர் வேலை அல்ல. ரகசியம் காக்கச் சட்டமே அவரைக் கட்டுகிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் 988 உதவி எண்ணை அழைத்து 2ஐ அழுத்தினால் ஸ்பானிய மொழியில் பேசுவார்கள்.

இனி அந்த 4,000 டாலர். மெக்ஸிகோவில் நோட்டாரியோ என்றால் பெரிய வழக்கறிஞர். நம் ஊரிலும் நோட்டரி வக்கீல்தான். அமெரிக்காவில் அவர் கையெழுத்துக்குச் சாட்சி முத்திரை குத்துபவர், அவ்வளவுதான். இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்தே பிழைக்கிறார்கள். ‘பத்து ஆண்டுகள் இருந்தால் கிரீன் கார்டு’ என்று ஆசை காட்டி, அந்த அம்மாவுக்கே தெரியாமல் அவர் பெயரில் அடைக்கல மனு போடுவார்கள். அது தள்ளுபடியானதும் நாடுகடத்தல் வழக்குக்கான நோட்டீஸ் வரும். 14 ஆண்டுகள் என்று படித்ததுமே எனக்கு இதுதான் உறைத்தது.

என்னிடம் வந்த ஒரு பெண் பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசைமேல் ஒரு நோட்டாரியோ தந்த 11 ரசீதுகளைக் கொட்டினார். ஒன்றிலும் பணம் வாங்கியவர் பெயரில்லை, ‘சேவை’ என்ற சொல் மட்டும். இரவு 2 மணிக்கு எழுந்து அவற்றை எண்ணுவாராம். நான் எழுதிய தூக்க மாத்திரை அங்கே என்ன செய்யும்? குடியேற்ற நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 2023இலேயே 30 லட்சத்தைத் தாண்டிவிட்டன. மனிதர்களை இத்தனை ஆண்டுகள் காக்கவைத்துவிட்டு, படபடப்புக்கு மட்டும் மாத்திரை கொடு என்கிறது அரசு.

ஒன்றை மறக்க வேண்டாம். அவர் வஹாகாக்காரர். தாய்மொழி ஸ்பானியம்தானா என்று கேளுங்கள். மிஷ்டெக், ஜபோடெக் போன்ற அங்குள்ள பழங்குடி மொழிகள் ஸ்பானியத்தின் வட்டார வழக்குகள் அல்ல, வேறு மொழிகள். மிஷ்டெக்கிலேயே ஓர் ஊர்ப் பேச்சு அடுத்த வட்டாரத்துக்குப் புரியாது. ஸ்பானியத்தில் கேட்டால் மரியாதைக்காக ‘சி, சி’ (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டுவார். மருத்துவரும் புரிந்துவிட்டது என்று எழுதிக்கொள்வார். அவருக்கு மகள் இருந்தால் அவளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாய் மகளிடம் சொல்லக்கூடாதவையும் இருக்கும். நாள் குறிக்கும்போதே ஊர்ப் பெயரைச் சொல்லி, அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

கையெழுத்திட்ட காகிதங்கள் அனைத்துக்கும் இந்த வாரமே நகல் வாங்கி, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை அந்த நோட்டாரியோவுக்கு இன்னொரு டாலர் போகக்கூடாது.