மாத்திரை கொடுக்க வரும் அக்காவிடம் என்ன பேசுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. வலங்கைமான் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார், இன்னமும் நடவு, களை எடுப்பு என்று வேலைக்குப் போகிறார். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்து அக்கா வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பார்த்தால், அரிசிப் பானைக்குப் பின்னால் பிரிக்காத அட்டைகள் ஒரு பை நிறைய இருந்தன. அந்த அக்கா சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லையா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கோபத்தை அந்த அக்கா மேல் காட்டாதீர்கள், அம்மா மேலும் வேண்டாம். மாத்திரையை ஒளித்து வைக்கிறவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும், அதைத்தான் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வயல் வேலைக்குப் போகும் பெண்களிடம் நான் அதிகம் கேட்டது இரண்டு காரணங்கள். ஒன்று, "மாத்திரை போட்டா தலை சுத்துது." சுற்றத்தான் செய்யும். விடிகாலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வயலில் இறங்கி, பத்து மணிக்கு மேல் கரையேறி, தூக்குச்சட்டியில் கொண்டுபோன பழையதைச் சாப்பிடுகிறவர் கிளிமிபிரைடு மாதிரி ஒரு சுகர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு குனிந்து நட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். இன்னொரு சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினும் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிற்றைக் கலக்கும். இரண்டாவது காரணத்தை அம்மா மகளிடம்கூடச் சொல்லமாட்டார்: ஒண்ணுக்குப் போவது. நடவு வயலில் மறைவுக்கு எங்கே போவது? பிரஷர் மாத்திரைகளில் சிலது சிறுநீரைக் கூட்டும், அதனால் வேலை நாளில் மாத்திரையைத் தொடுவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. ஆனால் சுகர் ஏறிக் கிடந்தாலும் அடிக்கடி போக வேண்டித்தான் வரும், அதுவும் மாத்திரையின் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டுக்கும் வழி உண்டு. எந்த மாத்திரையை எந்தச் சாப்பாட்டோடு போடுவது என்பதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் மாற்றித் தர முடியும், மாத்திரையையே மாற்றவும் முடியும். ஆனால் அம்மா எத்தனை மணிக்கு வயலுக்குப் போகிறார், எப்போது சாப்பிடுகிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்த அக்கா இருக்கிறார். அக்காவின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி மூன்று பேருமாகப் பேசுங்கள். அம்மா "போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொன்னால் அக்கா அப்படியேதான் எழுதுவார், அதை நம்பி சுகர் குறையவில்லையே என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டால், கூட்டியதை அம்மா ஒருநாள் ஒழுங்காகப் போடும்போது ஆபத்தாகிவிடும். அதனால் போடாததைப் போடவில்லை என்றே சொல்ல வேண்டும், திட்டுவார்களோ என்ற பயம் வேண்டாம்.

அப்புறம் அம்மாவின் கால். சுகர் நாள்பட்டால் பாதம் மரத்துப்போகும், நத்தை ஓடு கிழித்தாலும் சேற்றில் தெரியாது. சாயங்காலம் காலைக் கழுவியதும் விரல் இடுக்கை நன்றாகத் துடைத்து, உள்ளங்காலையும் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாத புண் இருந்தால் அக்கா வரும்வரை காத்திருக்காமல் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மடியில் கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ முடிந்துகொண்டு போகட்டும், கண் இருட்டினால் உடனே வாயில் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: வீட்டுக்கு வருகிறவர் பார்த்தால் பிரஷர் 160, கும்பகோணத்தில் கிளினிக்கில் பார்த்தால் 130. எந்த மெஷினை நம்புவது?
– ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: மெஷினைச் சந்தேகப்படும் முன் நீங்கள் உட்கார்ந்திருந்த விதத்தை யோசியுங்கள். கொல்லையிலிருந்து வேகமாக வந்து, வெற்றிலை சீவலோடு புகையிலையும் வாயில் இருக்க, திண்ணையில் காலைத் தொங்கப்போட்டுக் கையை நீட்டினால் பிரஷர் கூடத்தான் காட்டும். பார்ப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, புகையிலை வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட உட்காருங்கள், கை நெஞ்சு உயரத்துக்கு இருக்கட்டும், பேச வேண்டாம். இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அப்படிப் பார்த்தும் பல நாள் 140/90க்கு மேலேயே இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, இரண்டு மாதமாகப் படுக்கை. பிசியோ எப்போதாவதுதான் வருகிறார். முதுகுக்குக் கீழே சிவந்திருக்கிறது, மஞ்சள் பூசலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மஞ்சள் வேண்டாம், பவுடர் வேண்டாம், சிவந்த இடத்தைத் தேய்த்து விடவும் கூடாது. விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினாலும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், இந்த நிலையில் பிடித்தால் காப்பாற்றிவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும், ஒருக்களித்துத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இதற்கு வீட்டில் முறை போட்டுக்கொள்ளுங்கள், ஒருத்தரால் முடியாது. குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். ஈரத் துணியோடு விடாதீர்கள். முட்டை, பருப்பு கொடுங்கள், ஆனால் உட்கார வைத்துக் கொடுங்கள், படுக்க வைத்து ஊட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பிசியோ பற்றி: அவர் வந்து செய்துவிட்டுப் போவது போதவே போதாது, அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து நீங்கள் தினமும் செய்ய வேண்டும். முதல் சில மாதங்களில்தான் கை கால் அதிகமாகத் திரும்பும். தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்பட்டை நழுவிவிடும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோ தவிர, படுக்கையில் இருப்பவர்களின் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை நர்ஸும் வீட்டுக்கு வருவார், பலருக்கு இது தெரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்து, புண் இருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: நானே அந்த அக்காதான். மகளிர் குழுவிலிருந்து வந்தவள். பத்து மணிக்குப் போனால் பாதி வீடு பூட்டியிருக்கிறது, இருக்கிறவர்களும் "வாசல்ல வச்சுட்டுப் போ" என்கிறார்கள். ஊக்கத்தொகையும் அலைச்சலுக்குப் போதவில்லை. மனசு விட்டுப்போகிறது.
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டம் இன்று நடக்கிறது என்றால், உங்களைப் போன்றவர்கள் வெயிலில் நடப்பதால்தான். கூடுதல் தொகை கேட்பது நியாயம், சங்கடப்படாமல் கேளுங்கள்.

நடவு, அறுப்பு சமயத்தில் காலை நேரத்தில் வீட்டுக்குப் போவதை விட்டுவிடுங்கள். சாயங்காலம் போங்கள், இல்லையென்றால் நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே மெஷினைக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று உங்கள் செவிலியரிடம் கேளுங்கள். ஆனால் அங்கே சுகர் எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாது என்றுதான் பல பேர் உங்களை வாசலோடு அனுப்புகிறார்கள். "மாத்திரை போட்டீங்களா" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "மீதி எத்தனை இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்று கேளுங்கள். அட்டையில் மிச்சமிருந்தால் அதை அப்படியே எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். கொடுத்த கணக்கு மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தால் சாப்பிடாதவர் யார் என்று கடைசிவரை தெரியாது, திருப்பூர் வாசகியின் அம்மா அப்படித்தான் விடுபட்டுப்போயிருக்கிறார்.