அப்பாவின் ஏர் பிஸ்டலைப் புதுசாக்காதீர்கள், சீலை மட்டும் மாற்றுங்கள்

கேள்வி: எழுபதுகளில் ரைஃபிள் கிளப்பில் சுட்டுக்கொண்டிருந்த என் அப்பா போன வருடம் காலமானார். அவருடைய ஃபைன்வெர்க்பாவ் 65 ஏர் பிஸ்டல் பல வருடங்களாகத் துணியில் சுற்றி பீரோவிலேயே கிடந்தது. எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) பத்தடி கூடப் போகவில்லை. குழலிலிருந்து பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று துணுக்குகள் வந்தன. தெரிந்த ஒருவர், "புது ஸ்பிரிங் போட்டு, பாலிஷ் அடித்துப் புதுசாக்கித் தருகிறேன், லைசென்ஸையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்ன மூன்றில் ஒன்றுகூட உங்கள் பிஸ்டலுக்குத் தேவையில்லை.

முதலில், என்ன கெட்டிருக்கிறது என்று பார்ப்போம். உள்ளே ஒரு ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் காற்றை அழுத்துகிறது, அந்தக் காற்று பெல்லட்டைத் தள்ளுகிறது. காற்று பக்கவாட்டில் கசியாமல் தடுப்பது பிஸ்டன் தலையிலுள்ள சீல். அந்தக் காலத்து ஜெர்மன் துப்பாக்கிகள் பலவற்றில் போட்ட செயற்கை சீல், சுட்டாலும் சுடாவிட்டாலும், வயதானால் தானாகவே நொறுங்கிவிடும். குழலில் வந்த துணுக்குகள் அதுதான். அப்பா சரியாகப் பராமரிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரும்பு நன்றாக இருக்கும், போனது ஒரு சின்ன வளையம். பிஸ்டன் சீல், குழலின் பின்வாயில் உட்காரும் சீல் இரண்டையும் மாற்றி, கெட்டியாகிப்போன பழைய கிரீஸை வழித்தெடுத்தால் வேலை முடிந்தது.

அதுவரை ஒரு முறைகூடச் சுடாதீர்கள். சீல் இல்லாமல் பிஸ்டன் நேராக இரும்பில் போய் மோதும். எண்ணெயும் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் என்று கையில் கிடைத்ததைக் குழலுக்குள் ஊற்றிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அழுத்தத்தில் காற்று கடுமையாகச் சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு வெடிக்கும். 'டப்' என்று பலமாகச் சத்தம் கேட்டதும் பவர் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். உள்ளே சீலும் ஸ்பிரிங்கும் செத்துக்கொண்டிருக்கும்.

இப்போது அந்தப் 'புது ஸ்பிரிங்'. இதுதான் பெரிய மோசடி. நாட்டு ஏர்கன்னுக்கு வாங்கிய முரட்டு ஸ்பிரிங்கை வெட்டி உள்ளே திணிப்பார்கள். இந்த பிஸ்டலின் அருமையே, சுடும் நொடியில் மேல்பாகம் முழுவதும் சின்ன ரெயில்களில் பின்னால் நழுவி, உதைப்பைக் கைக்கு வராமல் விழுங்குவதுதான். அதற்கென்று கணக்குப் போட்டு வைத்த ஸ்பிரிங் அது. பலமானதைப் போட்டால் அந்த அமைப்பே குலைந்து, விசையை இழுக்கும்வரை பிஸ்டனைப் பிடித்து வைக்கும் கொக்கியும் தேயும். பத்து மீட்டர் தூரத்து இலக்குத் தாளைத் துளைக்க பலம் எதற்கு? அங்கே பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் அகலம் 11.5 மில்லிமீட்டர். அதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

பாலிஷ் வேண்டவே வேண்டாம். பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் கறுநீலப் பூச்சும் போகும், ஓரங்களும் மழுங்கும், வரிசை எண்ணும் தேயும். எண் தேய்ந்த துப்பாக்கியை எந்தக் கிளப்பும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வால்நட் பிடியில் வார்னிஷும் அடிக்க வேண்டாம், அதில் அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த இடங்கள் இருக்கும்.

லைசென்ஸ் விஷயம். 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. உங்களுடையது 4.5 மில்லிமீட்டர். அரை கிராம் பெல்லட் நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் போனாலும் 5 ஜூல் வராது. ஆகவே 'ஏற்பாட்டுக்கு' பணம் கேட்கிறவர் உங்கள் பயத்தை விற்கிறார். "மாட்டிக்கொள்வீர்கள், என்னிடமே தள்ளிவிடுங்கள்" என்று அடுத்த வாரம் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். எத்தனை பிள்ளைகள் இப்படி அப்பாவின் பொருளை இழந்திருக்கிறார்கள்! விதி இவ்வளவு தெளிவாக இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஒரே மாதிரி பதில் சொல்கிற அரசு அலுவலகக் கவுன்டர்தான் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு ரப்பர் வளையம் வரவழைத்தாலும் உறையில் 'ஏர் பிஸ்டல்' என்று இருந்தால் போதும், சுங்கத்தில் விளக்கக் கடிதம் கேட்பார்கள். பழைய பில், அப்பாவின் போட்டிச் சான்றிதழ், கிளப் அட்டை எதுவானாலும் பத்திரமாக வையுங்கள்.

நீங்களே பிரிக்கவும் வேண்டாம். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, பிடிப்புக் கருவி இல்லாமல் திறந்தால் முகத்துக்கு வரும். கிளப்பில் மேட்ச் துப்பாக்கிகளைப் பார்க்கிற ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) யாரென்று கேட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் எல்லாவற்றையும் திருப்பிக் கேளுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. உங்களிடம் இருப்பது டயானா 6 அல்லது 10 ஏர் பிஸ்டல் என்றால், பொதுவாக ஏர்கன் தெரிந்தவர் என்பது போதாது. அதில் ஒன்றுக்கு எதிராக ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள். ஒன்று பெல்லட்டைத் தள்ளும், மற்றது எதிர்ப்பக்கம் ஓடி உதைப்பை ரத்து செய்யும். இரண்டையும் பல்சக்கரம் இணைக்கிறது. திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தப்பினாலும் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் கிளம்பாது, பிஸ்டல் கையில் குதிக்கும், பற்கள் உடையும். மேலே டயானா என்று எழுதியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிரிட்டிஷ் சந்தைக்கு இதே கம்பெனி 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்றது. 'ஒரிஜினல் 6' என்று பொறித்திருந்தாலும் இதே கதைதான். 'கிஸ்' எனப்படும் இந்த இரட்டை பிஸ்டன் அமைப்பைப் பிரித்துப் பூட்டியிருக்கிறீர்களா என்று பழுது பார்ப்பவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். தயங்கினால் பிஸ்டலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அப்புறம், பீரோவில் பழைய பெல்லட் டப்பாவும் இருக்கும். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது ஈயம் அரித்தது. குழலில் போடாமல் ஒதுக்கிவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தட்டை மூக்கு மேட்ச் பெல்லட், அரை கிராமுக்கு மேற்படாத எடையில், புது டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.